ஊதாப் புள்ளி

தோழிக்குத் தெரியாமல் விஷம் வைத்துவிட்டு, அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பது லேசான காரியம் இல்லை. அந்த வாரம் முழுக்க, வைத்தவள் வாய்க்குள் போனது எதுவும் ருசிக்கவில்லை.

விஷம் என்றால் மனிதரைக் கொல்லும் விஷம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத செல்களைக் கொல்வதற்காகப் படலத்தில் ஊறவைத்த துத்தநாக உப்பு. அதை வைக்கச் சொன்னவர் கை டாக்டர். அறுந்துபோன கை நரம்புகளைத் தைத்து ஒட்டுவதே அவருடைய தொழில் என்பதால் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் கை டாக்டர்தான். தைத்த நரம்பைச் சுற்றி மெல்லிய படலம் ஒன்றைச் சுருட்டிக் கட்டுவார்கள். இப்போது விற்பனையில் இருக்கும் படலம் சில மாதங்களில் விறைத்து நொறுங்கி, ஆறிவரும் நரம்பையே குத்தும். குத்தாமல், உடம்போடு உடம்பாகக் கரைந்துபோகிற ஒரு படலத்தைச் செய்துவிட வேண்டும் என்றுதான் அவள் தன் முப்பதுகள் முழுவதையும் பட்டுப்புழுக் கூடுகளை வேகவைப்பதில் கழித்திருந்தாள்.

சலவைச் சோடா நீரில் கூடு வேகும் வாடை லேசில் போகாது. "படியேறும்போதே தெரியுது, இன்னிக்கு ஆபீஸ்ல சமையல்னு," என்று வீட்டில் கணவன் மூக்கைப் பிடித்துக்கொள்வான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் மேல் கிரீஸ் வாடை. அதனால் இருவரும் அதிகம் பேச்சை வளர்க்காமல் மாறி மாறிக் குளித்துவிடுவார்கள். கூட்டின் பசை போனபின் மிஞ்சும் நாரை உப்பில் கரைத்து, உப்பைக் கழுவி, அச்சில் ஊற்றிக் காயவைத்தால் வெங்காயச் சருகு போல ஒரு படலம் கிடைக்கும். அதைச் சட்டைப் பொத்தான் அளவுக்கு வில்லை வில்லையாக வெட்டித் தோழியிடம் கொடுப்பாள்.

தோழி செல் வளர்ப்பவள். உடம்பின் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு பெட்டிக்குள், இளஞ்சிவப்புத் திரவத்தில், நரம்புக்குத் துணையாக நிற்கும் செல்களைத் தட்டுத் தட்டாக வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட வந்து அவற்றுக்குத் தீனி மாற்றிவிட்டுப் போவாள். அதனால் அவளுக்குத் தோட்டக்காரி என்று பெயர் விழுந்தது. பதிலுக்குத் தோட்டக்காரி இவளைப் பூச்சி என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் துறைத்தலைவர் வரைக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது.

இரண்டு பேருடைய வேலையும் ஒரு விதியில் கட்டுண்டிருந்தது. படலத்தைச் செய்தவள் செல்லை எண்ணக் கூடாது. செல்லை எண்ணுபவளுக்கு எந்த வில்லை யாருடையது என்று தெரியக் கூடாது. ஆகவே ஒவ்வொரு சோதனையிலும் மூன்று வகை வில்லைகளைத் தனித்தனித் தட்டுகளில் போட்டு, மூடியில் வகைக்கொரு நிறத்தில் வட்டப் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவாள். ஒன்று அவளுடைய படலம். ஒன்று விற்பனையில் இருக்கும் பழைய படலம். மூன்றாவது எந்த நல்லதும் கெட்டதும் சேர்க்காத வெறும் படலம். தோட்டக்காரி சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பாள். உயிருள்ள செல் பச்சையாக ஒளிரும். செத்தது சிவப்பாகத் தெரியும். படமெடுத்து, எண்ணி, நிறத்தின் பெயரைச் சொல்லி முடிவைச் சொல்வாள். பிறகு இவள் எது எது என்று அவிழ்ப்பாள்.

கை டாக்டருக்கு அது போதவில்லை. அடுத்து நோயாளிகளின் கையில் வைத்துப் பார்க்கலாமா என்று முடிவு செய்யும் கடைசிச் சோதனை இது.

"இந்தத் தடவை வெறும் படலத்துக்குப் பதிலா விஷம் ஊறினது ஒண்ணு வைம்மா," என்றார். "சாக வேண்டியது செத்தாத்தான், பொழைச்சது நெஜமாப் பொழைச்சதுன்னு நான் நம்புவேன். எண்ணுற அம்மாகிட்ட சொல்லாத."

"அவ அப்படிப்பட்டவ இல்ல டாக்டர்."

"யாரும் எப்படிப்பட்டவங்களும் இல்ல. தெரிஞ்சா கண்ணு அதைத் தேடும். அவ்வளவுதான்."

சொல்லவில்லை. சொல்லாதது உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் தோட்டக்காரியிடம் அவள் மறைத்தது என்று வாழ்க்கையில் அதிகம் இல்லை. முதன்முதலில் செய்த படலம் தண்ணீர் பட்டதும் சர்க்கரை மாதிரிக் கரைந்துபோனபோது அவள் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கதவுக்கடியில் ஒரு பிஸ்கட் பொட்டலம் சறுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. "அழறவளுக்குப் பசிக்கும். தின்னுட்டு மிச்சத்தை அழு," என்றது வெளியிலிருந்து குரல். பிரசவ வலி எடுத்தபோது கணவன் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவள் தோட்டக்காரி. குழந்தைக்கு அவள் பெரியம்மா. உடன்பிறந்த அக்கா ஒருத்தி இருந்தால் இவ்வளவு செய்திருப்பாளா என்று அவள் யோசித்ததுண்டு. அக்கா இல்லாததால் அந்த யோசனைக்குச் சேதம் வந்ததில்லை.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அப்போது அது ஒன்றுமே இல்லை.

ஸ்டிக்கர் தாள் கைப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. காலையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவளின் கைக்கடிகாரத்தின் மேல் மகள் ஒரு மஞ்சள் புள்ளியை அழுத்தி ஒட்டினாள்.

"ஏய் குட்டி, மணி எப்படிப் பாக்கிறது?"

"பாக்க வேணாம். இதான் உன் கலர். உன் பட்டுக்கு இதைப் போடு."

அவளுக்கு மஞ்சள் பிடிக்காது. ஆனால் தட்டுகளை அடுக்கி மூடியில் புள்ளி வைக்கும் நேரத்தில் அந்தச் சின்ன விரலின் அழுத்தம் மணிக்கட்டில் இன்னும் இருந்தது. சிரித்துக்கொண்டே தன் படலத்துக்கு மஞ்சளை ஒட்டினாள். பழைய படலத்துக்கு வெள்ளை. மிஞ்சியது ஊதா. அது விஷத்துக்குப் போயிற்று. விஷ வில்லைகளில் மீந்தவற்றைப் போட்ட டப்பாவிலும் ஒரு ஊதாப் புள்ளியை ஒட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

முடிவு சொல்லும் கூட்டம் புதன்கிழமை காலையில் நடந்தது. நீள மேசை, திரை, ஏசியின் முனகல். துறைத்தலைவர் எப்போதும்போலப் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கை டாக்டர் அறுவைசிகிச்சை ஒன்றை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். நெற்றியில் தொப்பியின் தடம் இருந்தது. தோட்டக்காரி திரைக்குப் பக்கத்தில் நின்றாள். புதிதாக முடி வெட்டியிருந்தாள்; அது அவளுக்கு நன்றாக இருந்தது.

"வெள்ளை," என்றாள். திரையில் பச்சையும் சிவப்பும் கலந்து கிடந்தன. "பாதி பொழைச்சிருக்கு. பரவாயில்லைன்னு சொல்லலாம்."

"மஞ்சள்." திரை முழுக்கச் சிவப்பு. ஒரு பச்சைக்கு வழியில்லை. கை டாக்டரின் தலை மெல்ல அசைந்தது. தான் கேட்ட விஷம் அதுதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டது அந்த அசைவில் தெரிந்தது.

"அப்புறம் ஊதா." தோட்டக்காரி கொஞ்சம் நிறுத்தினாள். கதை சொல்லும்போது நிறுத்துவாளே, அந்த மாதிரி. பிறகு திரை பச்சையாக மலர்ந்தது. நீண்டு, மெலிந்து, ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு, வில்லை முழுக்கப் படர்ந்திருந்தன செல்கள். "இந்த மாதிரி நான் வளர்த்ததே இல்ல."

கேட்டுக்கொண்டிருந்தவளின் நெஞ்சு நிறைந்தது. நிறைந்துதான் போனது, அதைப் பிற்பாடு அவளால் இல்லை என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஊதா என்றதும் உடம்பு அதை எடுத்துத் தன்னுடையதென்று மடியில் வைத்துக்கொண்டது. மூச்சு ஒன்று போய் வந்தபின்தான் மனசு வந்து சேர்ந்தது. ஊதா அவளுடையது இல்லை. ஊதா விஷம்.



"சொல்லும்மா பூச்சி," என்றார் துறைத்தலைவர் சிரிப்போடு. "ஊதா யாரு?"

தோட்டக்காரி அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். "நீங்க அவிழ்த்துப் பாத்துக்கோங்க சார். எனக்குத் தீனி மாத்துற நேரம். பசிச்சா என் பிள்ளைங்க கத்தாது, நேரா செத்துப்போயிரும்," என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். இருவர் சிரித்தார்கள்.

ஒரு தலையசைப்பு போதும். எல்லாம் பொருந்தி உட்கார்ந்திருந்தது. மஞ்சள் செத்திருக்கிறது, அது விஷம். ஊதா செழித்திருக்கிறது, அது பட்டு. மறுபேச்சே வராது. அடுத்த மாதம் யாரோ ஒருவருடைய உள்ளங்கையில் அவளுடைய படலம் சுருண்டு படுத்திருக்கும். இத்தனை வருஷமாக அவள் பார்க்க ஆசைப்பட்ட அந்த உள்ளங்கை ஒரு தலையசைப்புத் தூரத்தில் இருந்தது.

"அஞ்சு நிமிஷம் சார்," என்றாள். குரல் யாருடையதோபோல வந்தது. "புள்ளியை ஒரு தடவை சரிபாத்துட்டு வந்துடறேன்."

"பாரு பாரு. டீ வரட்டும்."

நடையில் போகும்போது அவள் செய்த முதல் காரியம் தன்னைச் சந்தேகித்தது. அதுதான் எல்லாவற்றிலும் எளிதாக இருந்தது. அலமாரியைத் திறந்தாள். மீந்த விஷ வில்லைகள் இருந்த டப்பாவின் மேல் ஊதாப் புள்ளி அப்படியே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். மகள் ஒட்டிய மஞ்சள் புள்ளியை நகத்தால் சுரண்டியதில் பாதி பசை இன்னும் கண்ணாடியில் அழுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. பிசகவில்லை.

அப்படியென்றால் படம் மாறியிருக்கிறது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கை தவறியிருக்கலாம். யாருக்குத்தான் தவறாது. அந்த நினைப்பைக் கொதிக்கும் டம்ளர்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் செல் வளர்ப்பறையின் கண்ணாடிக் கதவு வரை நடந்தாள். செருப்பை மாற்றினாள். மேலங்கியை மாட்டினாள்.

தோட்டக்காரி, வடிகட்டிய காற்று வீசும் காற்றுப் பெட்டியின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் பெட்டிக்குள். தீனி மாற்றும்போது பாதியில் கையை வெளியே எடுக்க மாட்டாள்; எடுத்தால் கிருமி புகுந்துவிடும். மூக்கு அரித்தால்கூடப் பக்கத்திலிருப்பவரைச் சொறிந்துவிடச் சொல்வாள்.

"வந்துட்டியா? என்ன சொன்னாரு கை? எழுந்து ஆடினாரா?"

"படம் எங்கயாவது மாறிப்போயிருக்குமா?"

"எந்தப் படம்?"

"ஊதாவும் மஞ்சளும்."

இளஞ்சிவப்புத் திரவத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த பிப்பெட் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. "மாறலையே. ஏன்?"

அந்த ஒரு கணம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. இருந்தாலும் கேட்டாள். நம்பிக்கை என்பது ஒரேயடியாக விழுவதில்லை, ஒவ்வொரு ஆணியாகக் கழல்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஊதா என்னோடது இல்ல."

"வெளையாடாத பூச்சி."

"ஊதா விஷம். துத்தநாகம் ஊறினது. அதுல ஒரு செல்லுகூடப் பொழைக்க முடியாது."

தோட்டக்காரி பிப்பெட்டைத் தாங்கியில் வைத்தாள். கை இன்னும் உள்ளேயே இருந்தது. திரும்பாமல் பேசினாள்.

"விஷம் எப்ப வந்தது? மூணாவது எப்பவும் வெறும் படலம்தானே?"

"இந்தத் தடவை கை டாக்டர் வைக்கச் சொன்னாரு."

"என்கிட்ட சொல்லல."

"சொல்லக் கூடாதுன்னாரு."

"உடனே நீயும் சொல்லல. நல்லாருக்கு. ஒரே டப்பாவுல சாப்பிட்டுக்கிட்டு, பக்கத்துல உக்காந்து என்னைச் சோதிச்சிருக்க."

"உன்னை இல்ல. சோதனையைச் சோதிச்சோம்."

"சோதனைன்னா யாரு? எண்ணுறவ நான்தானே? அப்ப என்னைத்தான்."

ஒரு வாரமாக அவள் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைகள். இப்போது அவற்றை எதிரிலிருந்து கேட்டபோது குற்ற உணர்வு எழுந்திருக்க வேண்டும். பழக்கத்தில் கொஞ்சம் எழுந்தது. பிறகு பாதியிலேயே உட்கார்ந்துவிட்டது.

"ஊதாவுல நீ என்ன பாத்த?"

"செத்துக் கிடந்துச்சு. எல்லாம். துடைச்சுப் போட்ட மாதிரி."

"அது நான்னு நினைச்ச."

"பின்ன? ஊதான்னா நீதானே."

"நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லணுமாக்கும்." தோட்டக்காரி சிரிக்க முயன்றாள். "மத்த கலரையெல்லாம் மாத்தி மாத்தி எல்லாத்துக்கும் ஒட்டுவ. ஊதாவை மட்டும் வேற படலத்துக்குக் குடுத்ததே இல்ல. முதல் சோதனையிலேர்ந்து. உன் பிள்ளைக்கு நீ ஸ்வெட்டர் வாங்கினாலும் ஊதா, குடை வாங்கினாலும் ஊதா. எனக்குக் கண்ணில்லையா?"

அவள் பின்னோக்கிப் போய்ப் பார்த்தாள். ஆமாம். தட்டு தட்டாக நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் கை தானாகவே ஊதாவை எடுத்துத் தன் மூடியில் வைத்திருக்கிறது. அவளுக்கே தெரியாது என்று சொல்லலாம். ஆனால் சற்று முன் கூட்டத்தில் ஊதா என்றதும் நிறைந்த நெஞ்சுக்குத் தெரிந்திருந்ததே. கட்டிய கண்ணுக்குள்ளே வெளிச்சம் போக விரலளவு இடம் விட்டது யார்? அதை இப்போது யோசிக்க நேரமில்லை. பிறகு வாழ்நாள் முழுக்க யோசிக்கலாம்.

"அப்ப, ஊதா எல்லாத்தையும் கொன்னுடுச்சுன்னு பாத்த. அது என் படலம்னு நினைச்ச. நினைச்சுட்டு, மஞ்சளோட படத்தை எடுத்து அதுக்கு ஒட்டிட்ட."

"பேட்ச் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்டி. உப்பு சரியாப் போகலையோ, கழுவினது பத்தலையோன்னு. ஒரு பேட்ச் சொதப்பினதுக்காக இத்தனை வருஷமும் குப்பைக்குப் போகணுமா? உன் படலம் நல்லதுன்னு எனக்குத் தெரியும்ல."

"எப்படித் தெரியும்?"

தோட்டக்காரி பெட்டிக்குள் ஒரு தட்டின் மூடியை எடுத்து மூடினாள்.

"அடுத்த மாசம் அதை ஒருத்தர் கையை அறுத்து உள்ள வைப்பாங்க. செத்துக் கிடந்ததைப் பாத்த நீ, வைக்க விட்டிருப்ப."

"அதுக்குள்ள அடுத்த பேட்ச் சரியா..."

"வைக்க விட்டிருப்ப."

"உனக்காகத்தான்."

"எனக்காகன்னு சொல்லாத."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். வந்தது கோபம் இல்லை. ஒரு வீட்டில் பல காலம் குடியிருந்துவிட்டு, ஒருநாள் அதன் பின்பக்கத்துக்கு முதல்முறையாகப் போய், அங்கே சுவரே இல்லை என்று பார்ப்பதுபோல இருந்தது.

"என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?" என்றாள். "ஊதா செத்துப்போச்சு பூச்சின்னு. அவ்வளவுதான். அட லூசு, அது விஷம்டின்னு நான் சொல்லியிருப்பேன். சிரிச்சிருப்போம்."

"உன் மூஞ்சியைப் பாத்து எப்படிடி சொல்றது? நீ கழிவறையில போய் உக்காந்துக்குவ."

"நீ பிஸ்கட் போட்டிருக்கலாம்."

தோட்டக்காரி முதல்முறையாகக் கையை வெளியே எடுத்தாள். உறைகளைக் கழற்றாமலே திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. அது பார்த்தவளுக்கு மேலும் பயத்தைக் கொடுத்தது. கலங்கிய கண் பொய்யில்லை. இந்தக் கண்ணில் இதுவரை பார்த்த எதுவுமே பொய்யில்லை. அன்பும் உண்மை, இதுவும் உண்மை என்றால் அவள் எதைப் போய்ப் பிடித்துக்கொள்வது?

"முன்னாடி செஞ்சதெல்லாம்?" என்று கேட்டாள்.

"அதுல எதையும் மாத்தல. சத்தியமா."

"மாத்தல. சரி. வேற என்ன?"

"நல்லா வந்திருக்கிற இடமாப் பாத்துப் படம் எடுத்தேன். எல்லாரும் எடுக்கிறதுதான்."

"ஊதாவுக்கு மட்டும்."

"ம்."

"மத்ததுக்கு?"

"வந்த இடத்துல எடுத்தேன்."

"எத்தனை சோதனையில?"

"நான் எண்ணல."

"எண்ணுறதுதான் உன் வேலை."

அந்த வாக்கியம் வாயைவிட்டுப் போனதும் இருவருக்கும் நடுவில் ஏதோ தீர்ந்துவிட்டது. தோட்டக்காரி உறைகளைக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டினாள். பிறகு அவசரமாக, சமாதானத்துக்குப் பண்டம் நீட்டுகிறவள்போலச் சொன்னாள்:

"ஆனா பூச்சி, யோசிச்சுப் பாரு. மஞ்சள்தானே நீ? நான் ஊதான்னு காட்டினேனே, அது மஞ்சள்தான். அந்தப் பச்சை முழுக்க உன்னோடது. இந்த மாதிரி வளர்த்ததே இல்லைன்னு சொன்னேனே, அது நெஜம். உன் படலம் ஜெயிச்சிருச்சுடி."

எத்தனையோ வருஷங்களாக அவள் கேட்கக் காத்திருந்த சொல். இந்த வாயிலிருந்துதான் அதைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தாள். அது வந்து காதில் விழுந்து, உள்ளே போக வழியில்லாமல் வாசலிலேயே நின்றது.

"நெஜமா?" என்றாள், ஆசையை அடக்க முடியாமல். கேட்ட உடனே கேட்டதற்காகத் தன்னை வெறுத்தாள்.

"நெஜமா. ஒவ்வொரு கலருக்கும் சாயம் ஏத்தாத ஜோடித் தட்டு ஒண்ணு இன்னும் சூட்டுப்பெட்டியிலதான் இருக்கு. வா. நீயே வந்து பாரு."

சூட்டுப்பெட்டியின் சின்ன விளக்கு மூலையில் எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால் அடுக்கில் மூன்று தட்டுகள். நுண்ணோக்கி பக்கத்து மேசையில். கால் ஒரு அடி முன்னால் போய்விட்டது. மஞ்சள் மூடியைத் தூக்கிக் கண்ணை வைத்தால் போதும். நீண்டு மெலிந்து கைகோத்துப் படர்ந்திருந்தால் உடனே பார்த்துவிடுவாள். படராமல் இருந்தால்? படர்ந்திருக்கும் மூலையைக் கண் தேடாதா? மஞ்சள் யாரென்று தெரிந்த கண் ஆயிற்றே. தோட்டக்காரிக்கு ஊதா எப்படியோ, இப்போது அவளுக்கு மஞ்சள் அப்படி.

"என்னால பாக்க முடியாது," என்றாள். "எனக்குக் கலர் தெரியும்."

தோட்டக்காரிக்கு அது புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"போய்ச் சொல்லப்போறியா?"

"ஆமா."

"என் பேரையும்?"

அவள் செருப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். குனிந்த தலையோடு சொன்னாள். "எண்ணுறவ நீ ஒருத்திதான். பேர் சொல்லாட்டியும் தெரியும்."

"அந்தத் தலையை ஒரு தடவை ஆட்டியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்ல," என்றாள் தோட்டக்காரி பின்னாலிருந்து. அதில் ஏளனம் இல்லை. உண்மையான வியப்பு இருந்தது. "விஷம்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். படலம் நல்லா இருக்குன்னும் தெரியும். கலரை மட்டும் மாத்திச் சொல்லியிருந்தா யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அதற்குப் பதில் அவளிடம் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய ஆள் இத்தனை வருஷமாக அவள் நினைத்திருந்த ஆள் இல்லை.

கூட்ட அறையில் டீ வந்திருந்தது. அவளுக்கென்று வைத்த கோப்பையின் மேல் ஒரு தட்டை மூடியிருந்தார்கள்.

"ஊதா விஷம் சார்," என்றாள் நின்றபடியே.

துறைத்தலைவரின் பேனா மூடி பாதியில் நின்றது. கை டாக்டருக்கு முதலில் புரிந்தது. அவர் கோப்பையை ஓசைப்படாமல் கீழே வைத்தார்.

"அப்ப மஞ்சள்?"

"மஞ்சள் என்னோடது."

"அது செத்திருக்கே."

"படத்துல."

"நெஜத்துல?"

"தெரியாது டாக்டர்."

"இதுக்கு முன்னாடி செஞ்சதெல்லாம் இருக்கே," என்றார் துறைத்தலைவர், பிடித்துக்கொள்ள ஏதாவது அகப்படுமா என்று தேடும் குரலில். "அதை வெச்சு..."

"அதையும் எடுத்துடணும் சார். எல்லாத்தையும்." அந்த எல்லாம் எவ்வளவு பெரியது என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. வேகவைத்த கூடு, கழுவிய உப்பு, கணவன் பிடித்துக்கொண்ட மூக்கு, குழந்தையின் முதல் பள்ளிக்கூட நாளுக்குப் போகாமல் உலரவைத்த அச்சு. "வேற இடத்துல, என்னைத் தெரியாத யாராவது எண்ணணும். புள்ளியும் நான் ஒட்டக் கூடாது."

யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கை டாக்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தான் சொன்னதுதான் நடந்தது என்ற முகம் இல்லை அது. அறுந்த முனைகளைப் பார்க்கிற முகம்.

"உக்காரும்மா. டீ ஆறுது," என்றார்.

அவள் உட்கார்ந்தாள். காது மட்டும் வெளியே நடையில் இருந்தது. ரப்பர் செருப்பின் ஓசை வரும், கதவு திறக்கும், தோட்டக்காரி வந்து தானே சொல்வாள் என்று அது காத்திருந்தது. டீ ஆடை கட்டியது. எந்தச் செருப்பும் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கணவன் அடுப்படியில் இருந்தான். மூக்கைப் பிடிக்கக் கையைத் தூக்கியவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கினான். "என்னாச்சு?"

"அப்புறம் சொல்றேன்."

குட்டி தரையில் குப்புறப் படுத்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"மஞ்சள் ஜெயிச்சுதாம்மா?"

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். கண்ணாடியில் மிஞ்சியிருந்த பசையைக் கட்டைவிரலால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அது இடம் மாறியதே தவிரப் போகவில்லை.

"தெரியலடா."

"நீதானே செஞ்ச? உனக்கே தெரியாதா?"

"தெரியாது."

குட்டி எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவுக்கு இவ்வளவு சின்ன விஷயத்தில் ஒரு வழி தோன்றாதது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"பெரியம்மாகிட்ட கேளேன். அவங்கதானே பாத்தாங்க."